லேசான போதையில் சொன்ன சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு?

கரையோரன் எழுதியது:

முழுப் போதையைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. கால் தடுமாறி, நாக்குக் குழறி, மறுநாள் எதுவுமே நினைவில்லாமல் எழுந்திருக்கிறவரோடு யாரும் வாதாடுவதில்லை. அவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்வதும் இல்லை. அதற்கு வெகு முன்னால் வருகிற நிலையைப் பற்றித்தான் என் கேள்வி. ஒன்றிரண்டு கோப்பைகளுக்குப் பிறகு குரலில் சற்று உற்சாகம் ஏறியிருக்கும். நடை நேராக இருக்கும், பேச்சும் கோவையாகவே இருக்கும். ஆனாலும் காலையில் பார்த்த ஆள் இவர் இல்லை என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த நிலையைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் வழங்குகின்றன, இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. 'களித்தறியேன் என்பது கைவிடுக நெஞ்சத்து ஒளித்ததூஉம் ஆங்கே மிகும்' என்கிறது 928ஆம் குறள். நெஞ்சில் ஒளித்து வைத்தது குடித்த மாத்திரத்தில் வெளிப்பட்டுவிடும் என்று அதைப் படிக்கிறேன். 'குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு' என்கிறது பழமொழி. முன்னதை நம்பினால் போதையில் வந்த சொல்லுக்கே மதிப்பு அதிகம். பின்னதை நம்பினால் அதற்கு மதிப்பே கிடையாது.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நெடுநாள் நண்பர் ஒருவர், நாங்கள் நால்வர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, தம் இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, 'உனக்கு எப்போதும் நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். திறமை என்று தனியாக ஒன்றும் இல்லை' என்று சிரித்தபடியே சொன்னார். மறுநாள் நானே அவரிடம் கேட்டேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்றார். நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருந்தவர், மனத்தில் இல்லாததை எப்படிச் சொல்லியிருக்க முடியும்? குடிப்பது நல்லதா கெட்டதா என்ற வழக்கமான சண்டைக்குள் போகாமல், இதற்கு மட்டும் விடை தேட உதவுங்கள்.

நெடுவழி எழுதியது:

உளறல்தான் ஐயா, விட்டுத்தள்ளுங்கள். இரண்டு கோப்பை உள்ளே போன பிறகு பேசப்படுவதற்கெல்லாம் பொருள் தேடிக்கொண்டிருந்தால் நம்மில் யாருக்கும் நண்பர்களே மிஞ்சமாட்டார்கள்.

மருந்தறை எழுதியது:

மருந்தியல் கற்பிப்பவன் என்ற முறையில், மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உடலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் 'லேசான போதை' என்று குறிப்பிடுவது, ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 முதல் 50 மில்லிகிராம் வரை மது கலந்திருக்கும் நிலையாக இருக்கலாம். கவனத்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளில் செலுத்தும் திறன் இந்த அளவிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. நிதானித்து முடிவெடுப்பதும் தளர்கிறது. ஆனால் நினைவுப் பதிவு அறுந்துபோவது இதைவிட மிக உயர்ந்த அளவுகளில்தான், அதுவும் வேகமாக ஏற்றிக்கொள்ளும்போதுதான் பெரும்பாலும் நிகழ்கிறது. ஆகவே உங்கள் நண்பருக்கு மறுநாள் எல்லாம் நினைவிருந்ததில் வியப்பில்லை.

மது இரைப்பையில் ஓரளவும் சிறுகுடலில் பெருமளவும் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். சாப்பிட்டிருந்தால், இரைப்பை மெதுவாகக் காலியாவதால், உச்சம் தாமதமாகவும் தாழ்வாகவும் வரும். ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவர் உற்சாகமாகவும் மற்றவர் ஒன்றுமே நடக்காதவர் போலவும் இருப்பதற்கு உடல் எடை, உடலிலுள்ள நீரின் அளவு, கல்லீரல் நொதிகள், பழக்கம் ஆகியவற்றோடு, எப்போது சாப்பிட்டார் என்பதும் ஒரு காரணம்.

மூளைக்குள் நுழைந்ததும், நரம்புகளை அடக்கும் காபா என்ற கடத்தியின் வேலையை மது கூட்டுகிறது. நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. கூடவே டோபமினையும் சற்றுக் கிளப்பிவிடுகிறது. எனவே அடிப்படையில் இது மந்தப்படுத்தும் பொருள்தான். தொடக்கத்தில் ஊக்கம் வந்ததுபோல் தோன்றுவதற்கு, டோபமின் தரும் இன்பம் ஒரு பாதிக் காரணம்; 'இதைச் சொல்லலாமா, இப்போது சொல்லலாமா' என்று தணிக்கை செய்கிற முன்மூளைப் பகுதி முதலிலேயே தளர்ந்துபோவது மறுபாதிக் காரணம். இதில் எங்குமே உண்மையைத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பும் ஏற்பாடு ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தணிக்கை தளர்ந்தால் உண்மையும் வெளிவரும், அரைகுறை எண்ணமும் வெளிவரும், அந்தக் கணத்தில் தோன்றிய வேடிக்கையும் வெளிவரும்.

எதிர்ச்சொல் எழுதியது:

மருந்தறை ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. தணிக்கை தளர்ந்தபோது வெளிவந்தது ஏற்கெனவே உள்ளே இருந்ததாகத்தானே இருக்க முடியும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரே பொருளை ஒரே அளவு உட்கொண்ட நால்வரில் ஒருவர் பாடுகிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் எல்லோரையும் கட்டிப்பிடிக்கிறார், நான்காமவர் வம்புக்கு இழுக்கிறார். மருந்து ஒன்றாக இருந்தும் விளைவு நான்காக இருந்தால், அந்த வேறுபாடு மருந்திலிருந்து வரவில்லை, ஆளிடமிருந்துதான் வருகிறது. குறள் சொல்வதும் அதைத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். போதையில் சொன்னது போதையோடு போயிற்று என்பது, சொன்னவருக்கு மட்டுமே வசதியான கொள்கை. கேட்டவர் தெளிவாக இருந்திருந்தால் அவர் காதில் அது தெளிவாகத்தான் விழுந்திருக்கும். அதைத் துடைத்துவிடுகிற மருந்து எதுவும் இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

எதிர்ச்சொல் கேட்டிருப்பது நல்ல கேள்வி. உளவியலில் இதற்குப் பழைய விடை ஒன்றும் புதிய விடை ஒன்றும் உண்டு. மது கட்டுகளை அவிழ்க்கிறது, கட்டவிழ்ந்ததும் உள்ளே இருந்தவன் வெளியே வருகிறான் என்பது பழைய விடை. 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு மாற்றாக ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மது உள்ளே இருக்கிற யாரையும் விடுவிப்பதில்லை, பார்வையின் பரப்பைத்தான் சுருக்குகிறது என்பது அவர்கள் வாதம்; அதற்கு மதுக் கிட்டப்பார்வை என்று பெயரிட்டார்கள். கண்முன் துருத்திக்கொண்டு நிற்கிற ஒன்று மட்டும் முழுதாகத் தெரிகிறது, சற்றுத் தள்ளி இருக்கிற நாளைய விளைவு, நெடுநாள் உறவு, எதிரில் இருப்பவர் மனம் புண்படுமே என்ற எண்ணம் ஆகியவை எல்லாம் மங்கிவிடுகின்றன. தெளிவாக இருக்கும்போது ஒரு கேலி நாவின் நுனிக்கு வந்தால், அதைத் தடுக்கிற நான்கு எண்ணங்களும் கூடவே வந்துவிடும். லேசான போதையில் கேலி வந்துவிடுகிறது, அந்த நான்கும் வந்துசேரத் தாமதமாகிறது.

இரண்டு விடைகளும் ஒரே விளைவைத்தானே சொல்கின்றன என்று தோன்றலாம். அப்படியில்லை, இரண்டையும் பிரித்துக் காட்டுகிற சோதனை ஒன்று இருக்கிறது. கட்டவிழ்தல்தான் உண்மை என்றால், போதையில் இருப்பவர் எப்போதும் துணிச்சலின் பக்கமே சாய வேண்டும். பார்வை சுருங்குவதுதான் உண்மை என்றால், கண்முன் துருத்தி நிற்பது ஓர் எச்சரிக்கையாக இருக்கும்போது, அவர் தெளிந்தவரைவிட அதிகக் கவனமாக நடந்துகொள்ள வேண்டும். டாரா மெக்டொனால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மது அருந்தும் இடத்துக்கு வந்தவர்களின் கையில் முத்திரை குத்தினார்கள். சிலருக்கு எய்ட்ஸ் உயிரைக் கொல்லும் என்ற வாசகம், சிலருக்கு வெறும் சிரிப்புமுகம். அந்த எச்சரிக்கையைக் கையில் சுமந்தவர்களில், பாதுகாப்பற்ற உறவை நாடும் எண்ணம் தெளிவாக இருந்தவர்களைவிடப் போதையில் இருந்தவர்களிடமே குறைவாகக் காணப்பட்டது. போதை அவர்களைத் துணிந்தவர்கள் ஆக்கவில்லை, கையில் இருந்த வாசகத்துக்கு அடிமையாக்கியது. கட்டவிழ்தல் கொள்கையால் இதை விளக்க முடியாது.

ஒருவர் ஏன் பாடுகிறார், ஒருவர் ஏன் சண்டையிடுகிறார் என்பதற்கும் இதிலிருந்தே பாதி விடை கிடைக்கிறது. அந்த நேரத்தில் அவரவர் கண்முன் எது நிற்கிறதோ அதுதான் நடத்தையாகிறது. மறுபாதி எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. ஆலன் மார்லட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1973இல் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் நீர், சிலருக்கு வெறும் டானிக் நீர் என்று கொடுத்தார்கள், ஆனால் கொடுத்ததற்கும் சொன்னதற்கும் பொருத்தம் வேண்டுமென்றே குழப்பப்பட்டிருந்தது. மதுவுக்கு அடிமையானவர்கள் உட்பட எல்லோரும், உண்மையில் என்ன கலந்திருந்தது என்பதைப் பொறுத்து அல்லாமல், என்ன கலந்திருப்பதாக நம்பினார்கள் என்பதைப் பொறுத்தே அதிகமாகவோ குறைவாகவோ குடித்தார்கள். 1975இல் அதே வழியில் நடந்த இன்னொரு சோதனையில், வெறும் டானிக் நீரைக் குடித்துவிட்டு மது குடித்ததாக நம்பிய ஆண்கள் கூடுதல் மூர்க்கத்தோடு நடந்துகொண்டார்கள். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் இவ்வளவு பளிச்சென்ற முடிவைத் தரவில்லை, மூர்க்கத்தில் மதுவுக்கே நேரடிப் பங்கு உண்டு என்றும் தெரிகிறது. என்றாலும் நம்பிக்கைக்கு ஒரு பங்கு இருப்பதை யாரும் மறுக்கவில்லை.

மக்காண்ட்ரூ, எட்கர்டன் என்ற இருவர் 1969இலேயே பல சமுதாயங்களின் குடிப்பழக்கத்தை ஒப்பிட்டு, போதையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மனிதர்கள் தத்தம் சமுதாயத்திலிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். சில சமுதாயங்களில் போதை மூர்க்கத்தைத் தருகிறது, சிலவற்றில் அமைதியையே தருகிறது. எத்தனை போதையிலும் ஒருவர் தம் சமுதாயம் மன்னிக்கிற எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் மீறுகிறார் என்பது அவர்கள் கவனித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தம் மேலதிகாரியை ஒருமையில் அழைக்கத் துணியாத போதை, வீட்டில் இருப்பவர்களை மட்டும் அழைக்கத் துணிகிறது என்றால், அந்தப் போதைக்கு ஆள் அடையாளம் நன்றாகவே தெரிகிறது என்றுதான் பொருள்.

தண்ணீர்க்குவளை எழுதியது:

நான் குடிப்பதில்லை, ஆனால் குடிக்கிற நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதை விட்டுவிடவும் இல்லை. ஆகவே மேசையில் ஒரே ஒரு தெளிந்த ஆளாக இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. முதலில் மாறுவது குரலின் அளவு. அடுத்து, ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே வழக்கமாக இருக்கிற அந்தச் சிறு இடைவெளி காணாமல் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அது யாருக்கும் இடைஞ்சலாகத் தோன்றுவதில்லை. பேசும்போது கை எதிரில் இருப்பவரின் தோளுக்குப் போகிறது, அங்கேயே தங்கிவிடுகிறது. தோளுக்கு உரியவர் மெல்ல நெளிவதைக் கைக்கு உரியவர் கவனிப்பதில்லை. ஒரு கதை சொல்லப்படுகிறது, சற்று நேரம் கழித்து அதே கதை அதே இடத்தில் அதே சிரிப்போடு மீண்டும் சொல்லப்படுகிறது. இரண்டாம் முறை கேட்கிறவர்களும் முதல் முறை கேட்பதுபோலவே சிரிக்கிறார்கள். அதில் நடிப்பும் இல்லை.

இவற்றையெல்லாம் சுவையாகச் சொல்லலாம், ஆனால் நான் முக்கியமாகக் கவனித்தது வேறு. தாம் மாறியிருப்பதாக அவர்கள் ஒவ்வொருவரும் நினைப்பது ஒன்று, எனக்குத் தெரிவது இன்னொன்று. இன்று நான் மனம்விட்டுப் பேசினேன், ஆழமாகப் பேசினேன் என்று மறுநாள் சொல்பவர், என் பார்வையில் சத்தமாகப் பேசினார், அவ்வளவுதான். ஏட்டுச்சுவடி, இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆராய்ந்திருக்கிறார்கள், நீங்கள் கண்டதையேதான் அவர்களும் கண்டார்கள். 2017இல் மிசௌரியில் ரேச்சல் வினோகிராடும் குழுவினரும் 156 பேரை வைத்து நடத்திய ஆய்வில், குடித்தவர்கள் தங்கள் ஆளுமையின் ஐந்து கூறுகளிலும் மாற்றம் நேர்ந்ததாகச் சொன்னார்கள். ஒளிப்பதிவைப் பார்த்து மதிப்பிட்டவர்களோ, கலகலப்பு கூடியதை மட்டுமே உறுதியாகக் கண்டார்கள். மனிதர்களின் பொறுப்புணர்வோ கனிவோ மாறியதாக வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றவில்லை.

2013இல் லோரான் பெக் என்ற பிரெஞ்சு உளவியலாளரின் குழு, தான் குடித்திருப்பதாக நம்புகிறவர் தன்னைக் கூடுதல் அழகராகவும் நகைச்சுவை மிக்கவராகவும் மதிப்பிடுகிறார், ஆனால் பார்ப்பவர்கள் அப்படி மதிப்பிடுவதில்லை என்று காட்டியது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அதற்கு அதே ஆண்டில் கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் படித்த, டச்சு மொழியை அண்மையில் கற்ற 50 ஜெர்மானிய மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறிதளவு மதுவும், மற்றவர்களுக்கு மது இல்லாத பானமும் கொடுத்து டச்சில் உரையாடச் சொன்னார்கள். யார் குடித்தவர் என்று அறியாத டச்சுக்காரர்கள், குடித்தவர்களின் பேச்சை, குறிப்பாக உச்சரிப்பை, உயர்வாக மதிப்பிட்டார்கள். பேசியவர்கள் தமக்குத் தாமே தந்த மதிப்பீட்டிலோ, குடித்ததால் எந்த உயர்வும் தெரியவில்லை. அங்கே மது கொடுத்தது மொழியறிவு அன்று. பிழை செய்துவிடுவோமே என்ற கூச்சம் குறைந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. கலகலப்பும் வெறும் மாயை அன்று. 2012இல் மைக்கேல் சாயெட் என்பவர் பிட்ஸ்பர்க்கில், ஒருவரையொருவர் அறியாத 720 பேரை மூவர் மூவராக உட்காரவைத்துப் பார்த்தபோது, மது அருந்திய குழுக்களில் மூவரும் ஒரே நேரத்தில் உண்மையாகச் சிரிப்பதும் மூவரும் மாறிமாறிப் பேச்சில் கலந்துகொள்வதும் அதிகமாக இருந்தது. மனிதர்கள் இதை நாடுவதற்குக் காரணமில்லாமல் இல்லை.

முல்லைக்கொடி எழுதியது:

இந்த இழையில் இதுவரை கசப்பான சொல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். இனிப்பான சொல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் கணவர் இயல்பில் பேசாத மனிதர். லேசாகக் குடித்திருக்கும்போது மட்டும், நான் செய்கிற ஒவ்வொன்றையும் தாம் கவனித்துக்கொண்டிருப்பதையும், அதற்கு நன்றி சொல்லத் தெரியாமல் இருப்பதையும் சொல்வார். திருமணமான புதிதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு, அந்தச் சொற்களைக் கேட்பதற்காகவே அவர் குடிப்பதை நான் தடுக்காமல் இருக்கிறேனோ என்ற ஐயம் வந்தது. உளறல், விட்டுத்தள்ளுங்கள் என்று நெடுவழி அண்ணன் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டால், என்னிடம் சொல்லப்பட்ட நல்ல சொற்களையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கும். எதிர்ச்சொல் சொன்னதை ஏற்றுக்கொண்டால், அவருடைய உண்மையான அன்பு குப்பியைத் திறந்தால்தான் கிடைக்கும் என்றாகிவிடும். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

எதிர்ச்சொல் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வி என் வாதத்தின் பலவீனமான இடத்தைத் தொட்டுவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன நன்றி பொய்யாக இருந்திருந்தால் அது ஒவ்வொரு முறையும் அதே உருவத்தில் வந்திருக்காது. ஒருமுறை வருவது கண்முன் நின்ற ஏதோ ஒன்றின் விளைவாக இருக்கலாம். வெவ்வேறு நாளில், வெவ்வேறு சூழ்நிலையில், ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் அது உள்ளே இருப்பதுதான். கரையோரனின் நண்பர் அந்தச் சொல்லை முன்பும் சொல்லியிருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த அளவுகோலை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். முல்லைக்கொடி அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது, அவருக்கு அன்பு இல்லாமல் இல்லை, அதைச் சொல்வதில் கூச்சம் இருக்கிறது என்பதே. கூச்சத்தை மது குறைக்கிறது, ஆனால் குறைப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. முகத்தைப் பார்க்காமல், நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ பேசும்போது பேசாத மனிதர்கள் பேசுவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் சிலரிடம் பலிக்கும்.

மைல்கல் எழுதியது:

சொல்லைப் பற்றிய பேச்சுக்கு நடுவே கொஞ்சம் செயலையும் கொண்டுவர விரும்புகிறேன், ஏனென்றால் லேசான போதையில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது, 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நானே வண்டியை ஓட்டுகிறேன்' என்பதுதான். தண்ணீர்க்குவளை சொன்ன அந்த இடைவெளி, தமக்குத் தோன்றுவதற்கும் பிறருக்குத் தெரிவதற்கும் நடுவே இருக்கிற இடைவெளி, இங்கேதான் உயிரை எடுக்கிறது.

மூச்சிலிருந்து மதுவை அளக்கும் கருவியை 1954இல் உருவாக்கிய ராபர்ட் போர்க்கென்ஸ்டைன், பின்னர் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வொன்றை நடத்தி, முடிவுகளை 1964இல் வெளியிட்டார். அளவு கூடக் கூட விபத்து ஏறுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் வரைகோடு இறங்கியது. மிகச் சிறிதளவு குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிடக் குறைவாக விபத்தில் சிக்கியதுபோல் எண்கள் காட்டின. கொஞ்சம் குடித்தால் நன்றாக ஓட்டலாம் என்று நம்ப விரும்புகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிற்பாடு அதே தரவுகளை ஆராய்ந்தவர்கள், அந்த இறக்கம் மதுவால் வந்ததல்ல, ஒப்பிடப்பட்ட ஆட்களின் வேறுபாட்டால் வந்தது என்று காட்டினார்கள். சிறிதளவோடு சாலையில் இருந்தவர்களில் வழக்கமாகக் குடித்துப் பழகியவர்கள் அதிகம், குடிக்காதவர்கள் கூட்டத்திலோ எப்படியும் விபத்து வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் பலர் கலந்திருந்தார்கள். ஒரே வகையான குடிப்பழக்கம் உள்ளவர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இறக்கம் மறைந்துவிட்டது, முதல் சிறிதளவிலிருந்தே கோடு மேல்நோக்கித்தான் போயிற்று.

இன்னொரு பொறியும் உண்டு. எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர், ரிக்கெட்ஸ் நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தவர், 1919இல் நாய்களை வைத்து ஒன்றைக் கண்டார். இரத்தத்தில் மதுவின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், அது ஏறிக்கொண்டிருக்கும்போது தெரிகிற தள்ளாட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது தெரிவதில்லை. மனிதர்களுக்கும் இது பொருந்துகிறது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. இறங்கும் நேரத்தில் 'தெளிந்துவிட்டேன்' என்ற உணர்வு முன்கூட்டியே வந்துவிடுகிறது, வண்டி ஓட்டும் திறனும் அவசரத்தை அடக்கும் திறனும் அதே வேகத்தில் திரும்பி வருவதில்லை. ஆகவே தெளிந்ததாகத் தோன்றுகிற அந்த நேரத்தில்தான் மனிதர் சாவியைக் கையில் எடுக்கிறார். காப்பி குடித்தால் தூக்கம் போகும், மது போகாது. குளிர்ந்த நீரில் குளித்தாலும் அப்படியே.

நெடுவழி எழுதியது:

மைல்கல் அவர்களே, இவ்வளவு படித்த பிறகும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. குடித்தவருக்குத் தாம் தவறு செய்வதே தெரியாது என்றால் அவரை எப்படிக் குற்றம் சொல்வது? தெரியாமல் செய்தவரை மன்னிப்பதுதானே முறை?

மருந்தறை எழுதியது:

தெரியாது என்று யார் சொன்னார்கள்? இதற்கு நான் குறுக்கிட வேண்டும், ஏனென்றால் இந்த இழையின் மையமே இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். நாம் ஒரு பிழை செய்ததும், மூளையின் முற்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. இதை நெற்றியிலும் உச்சந்தலையிலும் ஒட்டிய மின்வாய்களால் பதிவுசெய்ய முடியும். மது அந்த அலையைச் சிறுத்துவிடச் செய்கிறது என்பது முன்பே தெரியும். பிழை செய்ததே அவர்களுக்குத் தெரியவில்லை போலும் என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. 2012இல் புரூஸ் பார்த்தலோவும் அவர் குழுவினரும், ஒவ்வொரு விடைக்குப் பிறகும் 'இப்போது சொன்னது சரியா, தவறா' என்று பங்கேற்றவர்களையே கேட்டார்கள். குடித்தவர்கள் தங்கள் பிழைகளை மற்றவர்களைப் போலவே சரியாக அடையாளம் கண்டார்கள். பிழை செய்தபோது எழ வேண்டிய மனச்சங்கடம்தான் அவர்களிடம் குறைந்திருந்தது. தவறு என்று தெரிந்திருந்தது, ஆனால் சுருக்கென்று தைக்கவில்லை.

லேசான போதையை முழுப் போதையிலிருந்து பிரிக்கும் கோடு எனக்கு இதுதான். தெரியாமல் செய்வது அங்கே, தெரிந்தும் கவலையில்லாமல் செய்வது இங்கே. எனவே நெடுவழி கேட்கும் மன்னிப்பை நான் கொடுக்கமாட்டேன். அதே நேரத்தில், எதிர்ச்சொல் கேட்கிற தண்டனையையும் கொடுக்கமாட்டேன், ஏனென்றால் ஒருவர் கவலைப்படாமல் சொன்ன சொல் அவருடைய ஆழமான கருத்து என்பதற்கு அதில் சான்று ஒன்றும் இல்லை. கேட்டவர் முகம் மாறியதைக் கண்டும் அவர் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்பதுவரை மட்டும் சான்று இருக்கிறது.

கரையோரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதிர்ச்சொல் கேட்டதற்கு விடை: இல்லை, இதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அன்று மேசையில் பேச்சு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எங்களில் ஒருவருக்குக் கிடைத்த பதவி உயர்வைப் பற்றியும், கிடைக்காமல் போனவர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். கிடைக்காமல் போனவர்களில் அவரும் ஒருவர். அவர் கண்முன் நின்றது அதுதான் என்றால், நான் அங்கே உட்கார்ந்திருந்த ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

இரண்டு நாளுக்கு முன் மீண்டும் அவரிடம் கேட்டேன், இந்த முறை இருவருமே தெளிவாக இருந்தோம். திறமை உண்டு, ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை என்றார். இதைத் தெளிவாக இருக்கும்போதே சொன்னதால் அவரோடு வாதாட முடிந்தது, ஒரு மணி நேரம் நன்றாகவே வாதாடினோம். அவர் கருத்து மாறவில்லை, என் கருத்தும் மாறவில்லை.

தண்ணீர்க்குவளை எழுதியது:

நல்லது. ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எனக்கும் இப்படி ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. முந்தைய இரவு லேசாகக் குடித்தவரிடம் மறுநாள் காலையில் எழுந்ததுமே இப்படிப்பட்ட பேச்சைத் தொடங்கலாமா?

மருந்தறை எழுதியது:

மது பொதுவாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைகிறது, உடற்பயிற்சியாலோ தண்ணீராலோ அதை விரட்ட முடியாது. 50 மில்லிகிராமில் படுத்தவருக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் இரத்தம் தெளிந்துவிடும், ஆகவே காலையில் போதை என்று ஒன்றும் எஞ்சியிருக்காது. ஆனால் மது தூக்கத்தின் முற்பாதியை ஆழமாக்கிப் பிற்பாதியைக் கலைத்துவிடுகிறது, கனவுத் தூக்கமும் குறைகிறது. சிறிதளவு குடித்தவர்கூட விடியற்காலையில் காரணமில்லாமல் விழித்துக்கொண்டு, பகலில் சிடுசிடுப்போடு இருப்பது இதனால்தான். அவசரம் இல்லையென்றால் ஒரு நாள் தள்ளிவையுங்கள். தள்ளிவைக்க முடியாது என்றால், அவர் பகலில் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.